எழுதாமல் விட்ட எட்டு

அன்று பட்டறையில் இருந்தவர்கள். பிரஸ் மிஷின் முன்னால் நான். எனக்கு இடப்பக்கம் லேத்தில் பாய். கதவோரம் தரையில் உட்கார்ந்து தகட்டுக்குப் பிசிறு தேய்க்கிற அக்கா. கண்ணாடித் தடுப்புக்குள் பட்டறைக்காரர், போனில். சன்னலுக்குக் கீழே போட்ட மேசையில், லேப்டாப்போடு என் தங்கை. ஐந்து பேர்.

பிறகு விசாரித்தபோதும் இதே வரிசையில்தான் சொன்னேன்.

சனிக்கிழமை. காலை டீ முடிந்திருந்தது. பிரஸ் இறங்கியபோது என் வலது கை உள்ளே இருந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். சத்தம் வழக்கமான சத்தம்தான், தகடு வெட்டுகிற சத்தம். அதனால் பாய் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காதான் முதலில் பார்த்தார். எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங் தம்பி. கீழ பாக்காதீங். உக்காருங்."

தங்கை மேசையை விட்டு எழுந்தாள். என்னிடம் வரவில்லை. பிரஸ்ஸின் பக்கவாட்டில் மாட்டியிருந்த பெட்டியிடம் போனாள். அதன் திரையில் இருந்த வரிகளைப் படித்தாள். படித்து முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பெட்டிக்குள் ஓடியது அவள் உண்டாக்கிய மொழி.

எங்கள் ஊர் காரமடைக்கு மேற்கே. நான் எட்டாவதோடு நின்றேன். யாரும் நிறுத்தவில்லை. படிப்பு ஏறவில்லை, நின்றேன். கோவையில் கணபதிக்கு வந்து இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். பம்ப் மோட்டாருக்கு உள்ளே அடுக்குகிற தகடு அடிக்கிற பட்டறை. அவளுக்குப் படிப்பு ஏறியது. கோவையில் இஞ்சினியரிங், பெங்களூரில் மேற்படிப்பு, வெளிநாட்டில் ஐந்து வருடம். திரும்பி வந்து இங்கே ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். என் வீட்டு மாடியில் இருந்தாள்.

வந்த புதிதில் ஒரு தடவை கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல நீ பண்றது என்ன கண்ணு? ரிப்பேரா?"

"இல்லீங்ணா. மனுசன் மிஷினுக்கு வேலை சொல்லோணுமுல்ல. அதுக்கு ஒரு பேச்சு வேணும். அந்தப் பேச்சு எப்படி இருக்கோணும்னு யோசிக்கிற வேலை."

"அத யோசிக்கவா அஞ்சு வருசம்?"

"அஞ்சு வருசத்துலயும் முடியலீங்ணா."



அந்தச் சமயத்தில் பட்டறைக்காரர் பழைய பிரஸ்ஸுக்கு ஒரு கண்ட்ரோல் பெட்டி வாங்கி மாட்டினார். எல்லாம் ஆங்கில எழுத்தும் எண்ணும். ஒரு தகட்டுக்குப் பதில் வேறு தகடு அடிக்க வேண்டுமென்றால் பெட்டி விற்றவர்களிடமிருந்து ஆள் வர வேண்டும். இரண்டு நாள் ஆகும். இதை அவளிடம் சொன்னேன். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தாள். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். நாங்கள் வேலையின்போது பேசுவதை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

பாய் கோட்டைமேட்டுக்காரர். லேத், பிரஸ் இரண்டும் ஓட்டுவார். வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, நாங்க ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிறதையும் எழுதிக்கிறயா?"

"அதத்தானுங் மொதல்ல எழுதுனேன்."

"உன்ற காலேஜ்ல படிச்சுக் காட்டிப்போடாத தாயி. வேலை போயிரும் உனக்கு."

ஒரு வருடம் போல ஆனது. தமிழிலேயே ஒரு மொழி செய்தாள். இறங்கு. ஏறு. தள்ளு. நில். திரும்ப. மொத்தமே இருபது சொல்லுக்குள் இருக்கும். சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண். நில் 8 என்று எழுதினால் பிரஸ் மேலேயே எட்டு விநாடி நிற்கும். அதற்குள் அடித்த தகட்டைக் கையால் எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். பிறகு தானாக இறங்கும். எட்டாவது படித்தவன் எழுதலாம். நான் எழுதினேன். எங்கள் பட்டறையில் வேறு தகட்டுக்கு மாற இரண்டு நாள் ஆனது போய் அரை மணி நேரம் ஆனது.

முதலில் அந்த மொழி இப்படி இருக்கவில்லை. எண் எழுதாமல் விட்டால் பெட்டி நின்றுவிடும். சிவப்பு விளக்கு எரியும். எத்தனை என்று கேட்கும். எழுதினால்தான் நகரும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கும். எனக்குச் சலித்துவிட்டது.

"இது என்ன கண்ணு, ஒண்ணாவது படிக்கிற புள்ளைகிட்டக் கேக்கிற மாதிரி கேக்குது?"

"சொல்லாதத அது தானா நெனச்சுக்கக் கூடாதுங்ணா. தெரியலீன்னா நின்னு கேக்கோணும். அதுதான் முறை."

"யாரு முறை? எதுத்தாப்புல டீக்கடை இருக்குது. நான் போயி நின்னா 'ஒண்ணு குடுங்'ன்னு சொல்றேன். அவ்வளவுதான். சக்கரை கம்மி, டிக்காசன் தூக்கலான்னு தெனமும் சொல்லீட்டா இருக்கேன்? ஒரு தடவை சொன்னா அதே மாதிரிதான் வரும். வேற வேணும்னாத்தான் வாயத் தொறப்பேன்."

"மிஷினும் மாஸ்டரும் ஒண்ணுங்களா?"

"நாங்க இங்க அப்படித்தான் பேசிக்கிறோம். நீ எழுதி வெச்சிருக்கிற நோட்டுலயே பாரு. பாய் எங்கிட்ட 'அடி'ம்பாரு. எத்தனை, எதுல, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நேத்து அடிச்சத அடிப்பேன்."

பாயும் லேத்திலிருந்து சேர்ந்துகொண்டார். "ஆமாம்மா. இப்பிடி நச்சு நச்சுன்னு கேட்டா ஒருத்தனும் உன்ற மொழியத் தொட மாட்டான்."

அவள் நோட்டை மூடினாள். நான்கு சனிக்கிழமை பட்டறைக்கு வரவில்லை. மாடியில் நடந்துகொண்டே இருப்பது கேட்கும். ஐந்தாவது சனிக்கிழமை வந்தாள். பெட்டியில் எதையோ ஏற்றினாள்.

"வெச்சுட்டேனுங்ணா. சொல்லலீன்னா, கடைசியாச் சொன்ன எண்ணையே எடுத்துக்கும்."

அந்த ஒரு விதியால்தான் மொழி பரவியது. கணபதியில் பத்துப் பட்டறை கேட்டு வாங்கியது. அவள் காசு கேட்கவில்லை. பென் டிரைவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். பல்லடத்தில் தறிச் சாமான் அடிக்கிற பட்டறைக்குப் போனது. ஒரு தீவன மில்லில் மூட்டை நிரப்புகிற மிஷினுக்குப் போனது. அவள் அந்த விதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். வேலைக்காரர்கள் பேசுகிற விதமாகவே மொழியும் இருக்க வேண்டும் என்று எழுதினாளாம். ஒரு ஆபரேட்டர் டீக்கடையை உதாரணம் காட்டினார் என்றும் அதில் இருக்கிறதாம். அதைப் பற்றிப் பேசுவதற்கு இரண்டு தடவை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் தனி அறை கொடுத்தார்கள்.

"தம்பி, உங்க டீ ஏரோப்ளேன் ஏறிப் போயிருச்சு. நீங்க இன்னும் கணபதியத் தாண்டல" என்றார் பாய்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நான் பெரிய தகடு அடித்தேன். பெரிய தகட்டுக்கு நில் 8. எப்போதும் எட்டுதான். சனிக்கிழமை காலை அவசரமாகக் கொஞ்சம் வாஷர் வேண்டியிருந்தது. முதல் ஒரு மணி நேரம் பாய் என் பிரஸ்ஸில் வாஷர் அடித்தார். வாஷரைக் கையால் எடுக்க வேண்டியதில்லை, தானே கீழே விழும். அவர் நில் 2 என்று எழுதினார். வாஷருக்கு அதுதான் சரி. முடித்துவிட்டு லேத்துக்குப் போனார்.

டீக்குப் பிறகு நான் வந்தேன். அவர் வரிகளை அழித்துவிட்டு என் வரிகளை எழுதினேன். நில் என்று எழுதினேன். எட்டு எழுதவில்லை. எட்டு என்று எனக்குத் தெரியும்.

டீ மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் டீ போடுகிறார். பெட்டிக்கு ஆள் தெரியாது. கடைசியாக யார் சொன்ன எண்ணோ அது தெரியும். பாயின் இரண்டை எடுத்துக்கொண்டது. தகட்டை எடுக்கக் கையை விட்டேன்.

கைக்குக் குறுக்கே நிற்க ஒரு கம்பி வலையும் பிரஸ்ஸோடு வந்தது. வேலை தாமதமாகிறது என்று கழற்றி மூலையில் சாத்தியிருந்தோம். எல்லாப் பட்டறையிலும் மூலையில்தான் இருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்த பிறகு தங்கை உள்ளே வந்தாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"எட்டுன்னு எழுதுனீங்ளா?"

"இல்ல கண்ணு."

தலையை ஆட்டினாள். சுவரோரமாக நின்றாள். 

பாய் மறுநாள் வந்தார். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். ஒன்றை உரித்து, உரித்த பிறகு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ரெண்டு எழுதியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேனே தம்பி."

"என்னைக்குச் சொன்னீங் பாய், இன்னைக்குச் சொல்ல."

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. 

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். நான், தங்கை, பட்டறைக்காரர் இந்தப் பக்கம். எண் இல்லாவிட்டால் பழைய எண்ணை எடுத்துக்கொள்ளும் இந்த விதியை யார் வைத்தது என்று கேட்டார்கள்.

"நான்தானுங்க" என்றாள்.

கட்டுரையில் ஒரு ஆபரேட்டர் சொன்னதாக இருக்கிறதே என்றார் ஒருவர்.

"அவங்க சொன்னது டீக்கடையப் பத்தி. பிரஸ்ஸுல வெச்சது நான். ஆள் மாறுனா எண்ணும் போகோணும்னு எனக்குத் தோணியிருக்கோணும். தோணல."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

சொல்ல இருந்தது. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் வம்பு பண்ணி வைக்கச் சொன்னேன் என்று. மேசையில் என் கை கட்டோடு இருந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவர் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

தனி அறையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பாடம் எடுக்கிற வேலை மட்டும் மிஞ்சியது.

அவள் ஒரு மாதத்தில் மொழியை மாற்றினாள். பழையபடி நின்று கேட்கும். அந்த விதியை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் பெரிய வேலை இருப்பது தெரிந்தது. பழையது எத்தனை மிஷினில் ஓடுகிறது என்று அவளுக்கே தெரியாது. பென் டிரைவில் கைமாறிப் போனது. ஒவ்வொரு பட்டறையாகப் போய், நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள், அவர் யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டோம். அவள் ஸ்கூட்டர் ஓட்டுவாள். நான் பின்னால். நோட்டு என்னிடம். இடது கையால் எழுதப் பழகினேன். தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நாற்பத்து மூன்றில் நின்றது.

என்னை எதற்குக் கூட்டிப்போகிறாள் என்று முதலில் நான் யோசிக்கவில்லை. நோட்டு எழுத என்றுதான் நினைத்தேன். நான்காவது பட்டறையில் அவள் பேசி முடித்துவிட்டு, "கையக் காட்டுங்ணா" என்றாள். காட்டினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கும் முன்னாலேயே காட்டினேன்.

சிலர் உடனே மாற்றிக்கொண்டார்கள். சிலர் மாற்றவில்லை.

"ஏனுங் அம்மணி, மொதல்ல குடுத்தது நீங்கதான? இப்பப் புடுங்க வந்திருக்கிறதும் நீங்க" என்றார் ஒருவர்.

"தப்பாக் குடுத்துட்டேனுங்."

"எங்களுக்கு நல்லாத்தான ஓடுது. புதுசு நொய் நொய்ங்குமாமே. அதுக்கு ஊட்டுல ஆளு இருக்குதுங்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் மாற்றவில்லை. "அடுத்த வாரம் வாங்" என்றார். அடுத்த வாரம் போனோம். அவர் இல்லை என்றார்கள்.

அவள் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. ஸ்கூட்டரைத் திருப்புவாள். "அடுத்தது சொல்லுங்ணா" என்பாள். நோட்டைப் பார்த்துச் சொல்வேன்.

பல்லடம் பட்டறைக்காரர் மரியாதையானவர். மோர் கொடுத்தார். ஆபரேட்டர்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்து அவளைப் பேசச் சொன்னார். என் கையை எல்லோரும் பார்த்தார்கள். அன்றே அவள் புதியதை ஏற்றினாள். நோட்டில் அந்த வரிமேல் கோடு போட்டேன்.

நான்கு மாதம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. ஒரு பெண்ணுக்கு இடது கையில் இரண்டு விரல்.

போனோம். பட்டறைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதியது நின்று நின்று கேட்கிறது, உருப்படி குறைகிறது என்று பத்து நாளிலேயே பழையதைத் திரும்ப ஏற்றியிருக்கிறார். பென் டிரைவில் ஒரு காப்பி வைத்திருந்திருக்கிறார். ஆபரேட்டர்களிடம் சொல்லவில்லை. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

"அண்ணா, நீங்க வந்து கையக் காட்டுனப்ப நான் மொதல் வரிசையில நின்னேனுங்."

"ம்."

"அதுல இருந்து எல்லாத்துக்கும் எண்ணு போட்டுத்தான் எழுதுவேனுங். அன்னைக்கு எண்ணு ஞாபகம் வரல. போடாம உட்டா அது நின்னு கேக்கும்னு இந்த அக்கா சொன்னாங்ளே. கேக்கட்டும், கேட்டாப் பாத்துக்கலாம்னு உட்டுட்டேனுங். அது கேக்கல."

தங்கை அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பெண்ணின் அம்மா, "தண்ணி குடிச்சுட்டுப் போங்" என்றார். குடித்தோம்.

திரும்பி வரும்போது சூலூருக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். இறங்கினேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்போது சொன்னேன்.

"நீ வேண்டாம்னுதான் சொன்னே. நான் கேக்கல. அன்னைக்கு அந்த மூணு பேரு முன்னாடியும் சொல்லாம உட்டுப்போட்டேன்."

"தெரியுமுங்ணா."

"இப்பப் போயிச் சொல்றேன்."

"சொல்லி என்னங் ஆகப்போகுது? மொதல் விரலுக்கு நீங்க சொன்னதும் காரணம்னு வெச்சுக்கலாம். இந்தப் புள்ளை விரலுக்கு? கேக்கும்னு சொன்னது நானு. நம்பி உட்டுது."

நோட்டைச் சட்டைக்குள் செருகினேன்.

"நான் கரெக்டாத் திருத்துனதாலதானுங்ணா இந்த விரலு போச்சு" என்றாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். வெயிலும் இருந்தது. "ஏறுங். நேரமாச்சு."

அந்த மாதமே கல்லூரி வேலையை விட்டுவிட்டாள். இப்போது மாடியில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மற்ற நேரம் பட்டறை பட்டறையாகப் போகிற இந்த வேலைதான். புது மொழி எதுவும் செய்யவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டார்கள். அதே விதியைப் பற்றிப் பேசத்தான். போகவில்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறோம். புதியதை ஏற்றினால் பெட்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுகிறோம், ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டும் என்று. பெயிண்ட் அடிப்பது நான். பழைய மொழி இருக்கிற மெமரி கார்டைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கையோடு வாங்கி வருகிறோம். தர மறுத்தால் மாற்றுவதில்லை. பாதி மாற்றுவது கூடாது என்கிறாள். மாதம் ஒரு தடவை மஞ்சள் பெட்டிகளையும் போய்ப் பார்க்கிறோம். எண் இல்லாமல் நில் என்று எழுதுவாள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாள். எரிந்தால் அடுத்த பட்டறை. வாங்கி வந்த கார்டுகளை வீட்டுத் தகர டப்பாவில் போடுகிறேன். பட்டறைக்காரர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அக்காவோடு தரையில் உட்கார்ந்து பிசிறு தேய்க்கிறேன். என் பிரஸ்ஸைப் பாய் ஓட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் எண்ணை எழுதிவிட்டு எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்கிறார். "எட்டு, தம்பி." நான் "சரிங் பாய்" என்கிறேன். எண் எழுத வேண்டாத லேத்தில் இருந்தாலும் அதைச் சொல்லிப் பழகிவிட்டார்.

மேலே சொன்ன, அடுத்த வாரம் வாங் என்றவரிடம் பதினோரு தடவை போயாகிவிட்டது. போன திங்கட்கிழமை ஆள் இருந்தார். என் கையை நீட்டினேன்.

"பாத்துட்டனுங், அண்ணா. போன தடவையும் இதே கைதான" என்றார்.

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். நோட்டைப் பிரித்தேன். நாற்பத்து மூன்று வரி. மஞ்சள் அடித்தவற்றுக்குக் கோடு போட்டிருக்கிறேன். பழைய இரும்புக்குப் போன நான்கு மிஷின்களுக்கும் போட்டிருக்கிறேன். பல்லடம் வரிக்குப் போட்ட கோட்டை அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதி, அங்கேயும் மஞ்சள் அடித்த பிறகு மறுபடி கோடு போட்டேன்.

"எத்தனைங்ணா பாக்கி?"

எண்ணிச் சொன்னேன்.

பதினேழு.